தமிழ்ச் சொல்லைப் பதிவில் வைக்காதீர்கள், பட்டியலில் வையுங்கள்: பல்கலைக்கழக மின்களஞ்சியப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: சிங்கப்பூர்ப் பல்கலைக்கழக நூலகங்களில் ஆய்வு மின்களஞ்சியங்களை நடத்துவோர், மெட்டாடேட்டா (பதிவு விவரத் தரவு) குழுவினர், இவர்களுக்கு ஆளும் நிதியும் ஒதுக்கும் நிர்வாகத்தினர்

அன்புடையீர், வணக்கம்.

தமிழ் இலக்கியம், தாய்மொழிக் கல்வி, இந்தியர் வரலாறு, வெளிநாட்டு ஊழியர் நலம், கோயில், பள்ளிவாசல், மேடை நாடகம், வானொலி என்று சிங்கப்பூர்த் தமிழரைத் தொடும் ஆய்வேடுகள் உங்கள் களஞ்சியங்களில் தொடர்ந்து சேர்கின்றன. அவற்றில் சில தமிழிலேயே எழுதப்பட்டவை. மற்றவை ஆங்கிலத்தில் எழுதப்பட்டாலும் தமிழாசிரியரும் மாணவரும் தேடிவரக்கூடியவை. இவற்றை ஏற்றும் படிவத்தில் ‘சப்ஜெக்ட்’, அதாவது பொருள் தலைப்பு, என்று ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டத்துக்கான சொற்களை எந்தப் பட்டியலிலிருந்து எடுப்பது, எடுத்ததை எப்படிச் சேமிப்பது என்பதைப் பற்றியே எழுதுகிறோம். களஞ்சிய மென்பொருளை மாற்றும்போதும் பதிப்பு உயர்த்தும்போதும் இந்த முடிவு எடுக்கப்படுகிறது. பெரும்பாலும் கடைசி வாரத்தில், முன்னிருப்பு அமைப்பை அப்படியே விட்டுவிடுவதே முடிவாகிவிடுகிறது.

கோரிக்கையை முதலிலேயே வைத்துவிடுகிறோம். பொருள் தலைப்பு ஒவ்வொன்றுக்கும் நிலையான ஓர் அடையாள எண் வேண்டும். பதிவில் அந்த எண் இருக்க வேண்டும். அதற்குரிய தமிழ், ஆங்கில, மலாய், சீனப் பெயர்கள் சொற்பட்டியலில் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். தமிழ்ச் சொல்லை ஒவ்வொரு பதிவிலும் தட்டச்சு செய்தால் 300 பதிவுகளில் 300 முறை பிழை நேர வாய்ப்புண்டு. ஒரு சொல்லைத் திருத்த வேண்டுமானால் 300 இடத்தில் திருத்த வேண்டும். பட்டியலில் இருந்தால் ஒருமுறை திருத்தினால் போதும்.

இன்று பல களஞ்சியங்களில் அந்தக் கட்டம் திறந்த கட்டம். மாணவர் நினைத்ததை எழுதுகிறார். ‘சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியம்’ என்று ஒருவர் எழுத, ‘சிங்கப்பூர் தமிழ் இலக்கியம்’ என்று ஒற்றில்லாமல் இன்னொருவர் எழுதுவார். ‘சிங்கைத் தமிழ் இலக்கியம்’ என்பார் மூன்றாமவர். நான்காமவர் ஆங்கிலத்தில் எழுதிவிடுவார். நான்கும் ஒரே பொருள்தான் என்று மனிதருக்குத் தெரியும், கணினிக்கு நான்கு தனித்தனிச் சரங்கள், அதாவது எழுத்துத் தொடர்கள். பக்கவாட்டில் வரும் வடிகட்டிப் பட்டியலில் நான்கு வரிகள் வரும், ஒவ்வொன்றின் கீழும் சில ஆய்வேடுகள் மட்டுமே இருக்கும். முதல் வரியைத் தட்டியவர் மீதி மூன்றின் கீழ் உள்ளவற்றைப் பார்க்காமலே போய்விடுவார். அப்படிப் பார்க்கப்படாத ஆய்வேடு மேற்கோளும் காட்டப்படுவதில்லை. இது தமிழுக்கு மட்டும் நேரும் சிக்கல் அல்ல என்றாலும், புணர்ச்சி, ஒற்று, வேற்றுமை உருபு, ஊருக்கு ஊர் மாறும் வழக்கு ஆகியவற்றால் தமிழில் அது பல மடங்காகிறது.

ஆசிரியரே தரும் குறிச்சொற்களை எறிந்துவிடச் சொல்லவில்லை. புதிய கருத்துகள் முதலில் அங்கேதான் தலைகாட்டும். அவற்றைத் தனிப் புலத்தில் வையுங்கள். பல களஞ்சியங்களை இயக்கும் டிஸ்பேஸ் மென்பொருளில், டப்ளின் கோர் என்ற பதிவுத்தரத்தின் பதிவேட்டில் ‘சப்ஜெக்ட்’ என்பதன் கீழ் ‘அதர்’ (பிற), ‘எல்சிஎஸ்எச்’, ‘மெஷ்’, ‘டிடிசி’ என்று வெவ்வேறு பட்டியல்களுக்கான உட்பிரிவுகள் முன்பே இருக்கின்றன. வேண்டிய இன்னொன்றைச் சேர்க்க நிர்வாகப் பக்கத்தில் சில நிமிடம் போதும். கட்டுப்பாடுள்ள சொல்லும் கட்டற்ற சொல்லும் ஒரே புலத்தில் கலந்துவிட்டால், பிறகு பிரித்தெடுப்பதற்கு வழியே இல்லாமல் போகும்.

இனி, எந்தப் பட்டியல் என்ற கேள்வி. எல்லாத் துறைக்கும் பொதுவான முதுகெலும்பு ஒன்று வேண்டும். பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பொருள் தலைப்புகள், அதாவது எல்சிஎஸ்எச். 1898 முதல் வளர்ந்துவருகிறது, 300,000க்கும் மேற்பட்ட தலைப்புகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் இணைய அடையாள முகவரி இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் நூலகத்தின் அச்சுநூல் பட்டியலும் அதிலேயே இருப்பதால் இரண்டும் ஒத்துப்போகும். இவை உண்மையான நன்மைகள். ஆனால் அதை அப்படியே களஞ்சியத்தில் பயன்படுத்துவதை நாங்கள் பரிந்துரைக்கவில்லை.

முதல் காரணம், தொடர் அமைப்பு. ‘தமிழ் இலக்கியம்—சிங்கப்பூர்—வரலாறும் விமர்சனமும்’ என்று துணைப்பிரிவுகளை விதிப்படி கோத்து ஒரே சரமாக்க வேண்டும். எந்தத் தலைப்பின் கீழ் இடப்பெயர் வரலாம், எந்த இடத்தில் வரலாம் என்பதற்கெல்லாம் தனி விதிகள் உண்டு. பயிற்சி பெற்ற பட்டியலாளருக்கே அவ்வப்போது சந்தேகம் வரும். ஆய்வேட்டைத் தானே ஏற்றும் மாணவரிடம் இதை எதிர்பார்க்க முடியாது. இரண்டாவது, சொற்களின் பார்வை. சிங்கப்பூர் இந்தியரைப் பற்றிய ஆய்வுக்கு அந்தப் பட்டியலில் நெடுங்காலம் வழங்கிவந்த தலைப்பு ‘ஈஸ்ட் இண்டியன்ஸ்’. வெறும் ‘இந்தியர்’ என்ற சொல் அங்கே அமெரிக்கப் பழங்குடியினரோடு சிக்கிக்கொண்டதால் வந்த ஏற்பாடு அது. இங்கே இந்தியர் கூடும் தேக்கா வட்டாரத்தில் யாரிடம் கேட்டாலும் அந்தச் சொல்லைத் தம் சமூகத்தின் பெயராக ஏற்கமாட்டார், தேடவும் மாட்டார். மூன்றாவது, மாற்றத்தின் வேகம். ‘இல்லீகல் ஏலியன்ஸ்’ (சட்டவிரோத வெளிநாட்டினர்) என்ற தலைப்பை மாற்றப்போவதாக 2016இல் அறிவித்தார்கள், மாற்றம் நடந்தது 2021 நவம்பரில். வேறொரு நாட்டின் அரசியல் தடைக்காக இங்குள்ள ஆய்வேடுகள் காத்திருக்க நேர்ந்தது.

எங்கள் பரிந்துரை, எல்சிஎஸ்எச்சிலிருந்தே பிறந்த ஃபாஸ்ட் என்ற பட்டியல். ஓசிஎல்சி என்ற நூலகக் கூட்டமைப்பும் காங்கிரஸ் நூலகமும் 1998இல் தொடங்கிய முயற்சி அது. எல்சிஎஸ்எச் சரங்களைப் பிரித்துப் பொருள், இடம், காலம், நபர், அமைப்பு, நிகழ்வு, நூற்பெயர், வடிவம் என்று தனித்தனி முகங்களாக வைக்கிறது. மேலே சொன்ன சரம் மூன்றாகப் பிரியும்: பொருள் ‘தமிழ் இலக்கியம்’, இடம் ‘சிங்கப்பூர்’, வடிவம் ‘விமர்சனம்’. மாணவர் மூன்று கட்டங்களில் மூன்றைத் தேர்ந்தால் போதும். களஞ்சியத்தின் வடிகட்டிகளும் இப்படித்தான் வேலை செய்கின்றன. தரவு திறந்த உரிமத்தில் கிடைக்கிறது, தட்டத் தட்டப் பரிந்துரை காட்டும் இணையச் சேவையும் உண்டு.

ஃபாஸ்டிலும் குறை உண்டு, மறைக்கவில்லை. சரத்தைப் பிரிக்கும்போது எந்த இடம் எந்தப் பொருளுக்குரியது என்ற பிணைப்பு அறுந்துவிடும். சிங்கப்பூர்ப் பாடநூல்களையும் மலேசிய ஆசிரியர் பயிற்சியையும் ஒப்பிடும் ஆய்வேட்டில் பாடநூல், ஆசிரியர் பயிற்சி, சிங்கப்பூர், மலேசியா என்று நான்கு சொற்கள் தனித்தனியாக நிற்கும். மலேசியப் பாடநூலைத் தேடுபவருக்கும் அது அகப்படும். ஆய்வுச் சுருக்கம் பக்கத்திலேயே இருப்பதால், களஞ்சியத்தில் இந்தச் சிறு இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதே எங்கள் கணிப்பு. ஃபாஸ்டின் பிறப்பிடம் எல்சிஎஸ்எச் என்பதால் ‘ஈஸ்ட் இண்டியன்ஸ்’ போன்ற பெயர்ச்சிக்கல்களும் கூடவே வரும். அதற்கான தீர்வைக் கீழே உள்ளூர்ப் பட்டியல் பற்றிச் சொல்லுமிடத்தில் சொல்கிறோம்.

முதுகெலும்போடு துறைப் பட்டியல்கள் இரண்டு மூன்று போதும். மருத்துவத்துக்கு மெஷ். சுமார் 30,000 தலைப்புகள், ஆண்டுதோறும் புதுப்பிப்பு, மருத்துவ ஆய்வாளர்கள் ஏற்கெனவே பழகியது. கல்வியியலுக்கு எரிக் சொற்றொகுதி. கலை, கட்டடக்கலைக்கு கெட்டி நிறுவனத்தின் பட்டியல். வேளாண்மை, உணவு ஆய்வு நிறைய இருந்தால் மட்டும் ஐநா உணவு வேளாண் அமைப்பின் அக்ரோவாக். துறைக்கொன்று என்று பத்துப் பட்டியலை இணைக்காதீர்கள். ஒரே பொருள் நான்கு பட்டியலில் நான்கு எண்ணோடு வரும், பிறகு அவற்றை இணைக்கும் வேலை யாருக்கும் ஒதுக்கப்படாமல் கிடக்கும்.

டிஸ்பேஸோடு மாதிரியாக வரும் பட்டியல்களில் ஒன்று ஸ்வீடனின் ஆய்வுத்துறைப் பகுப்பு, இன்னொன்று நார்வேயினுடையது. அவை எடுத்துக்காட்டுக்காக வைக்கப்பட்டவை. நீக்க மறந்து, அதிலேயே பதிவேற்றத் தொடங்கிவிட்டால் பிறகு வெளியேறுவது கடினம். அந்த முறையில் வேர் முதல் இலை வரையிலான முழுப்பாதையும் சரமாகச் சேமிக்கப்படுவதே காரணம். மேல்நிலைச் சொல் ஒன்றின் பெயரை மாற்றினால் கீழுள்ள எல்லாப் பதிவும் பழைய பெயரோடு நின்றுவிடும். பாதையைச் சேமிக்காமல் கடைசிச் சொல்லை மட்டும் சேமிக்க அமைப்பில் இடமுண்டு, பாதைச் சேமிப்பை அணைத்துவைப்பது நல்லது. இன்னொரு பொறியும் உண்டு. பாதையின் படிகளைப் பிரிக்க இரண்டு முக்காற்புள்ளி பயன்படுகிறது. மொத்தமாகப் பதிவேற்றும் கோப்பில் சொல்லையும் அடையாள எண்ணையும் பிரிப்பதும் அதே இரண்டு முக்காற்புள்ளி. இரண்டும் மோதினால் சொல்லின் பாதி, எண் என்று எண்ணப்பட்டு உள்ளே போகும். பதிவேற்றத்துக்கு முன் அந்தப் பிரிகுறியை மாற்றிக்கொள்ளுங்கள்.

இப்போது உள்ளூர்ப் பட்டியல். எந்த உலகப் பட்டியலும் சிங்கப்பூரை முழுக்கச் சொல்லாது. இங்கே வழங்கும் கருத்துகளுக்காக ஏறக்குறைய 300 சொற்கொண்ட சிறிய பட்டியல் ஒன்றை ஸ்காஸ் தரத்தில் கட்டுங்கள். சொற்பட்டியல்களைக் கணினி படிக்கும் வடிவில் எழுத 2009இல் உலகளாவிய வலைச் சேர்த்தியம் பரிந்துரையாக வெளியிட்ட தரம் அது. அதன் விதிகளில் எங்களுக்கு மிக முக்கியமானது ஒன்று: ஒரு கருத்துக்கு ஒரு மொழியில் ஒரே ஒரு முதன்மைப் பெயர்தான் இருக்கலாம், மாற்றுப் பெயர்கள் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். தமிழின் அத்தனை எழுத்து வேறுபாடுகளும் மாற்றுப் பெயராக உள்ளே வந்துவிடும், திரையில் ஒன்றுதான் தெரியும்.

‘தாய்மொழி’ என்ற சொல்லைப் பாருங்கள். எரிக் பட்டியலில் உள்ள ‘நேட்டிவ் லேங்குவேஜ்’ குழந்தை முதலில் கற்ற மொழியைக் குறிக்கிறது. சிங்கப்பூர்ப் பள்ளியில் தாய்மொழி என்பது ஒரு பாடத்தின் பெயர். வீட்டில் ஆங்கிலம் பேசி வளர்ந்த பிள்ளைக்கும் தமிழ்தான் தாய்மொழிப் பாடம். இரண்டையும் ஒன்றாக இணைத்துவிட்டால், இரண்டாம் மொழியாகத் தமிழ் கற்பித்தல் பற்றிய ஆய்வேடுகள் முதல்மொழி ஆய்வுகளுக்குள் போய் விழும், இரண்டு தரப்பும் பயன்பெறாது. ஸ்காஸ் தரத்தில் ‘முழுப் பொருத்தம்’, ‘நெருங்கிய பொருத்தம்’ உள்ளிட்ட இணைப்பு வகைகள் உண்டு. இங்கே இரண்டாவதைத்தான் போட வேண்டும். ‘சிங்கப்பூர்ப் பள்ளிகளில் பாடமாகக் கற்பிக்கப்படும் அதிகாரத்துவ மொழி, மாணவர் வீட்டில் பேசும் மொழியாக இருக்க வேண்டியதில்லை’ என்று ஒரு விளக்கக் குறிப்பும் வேண்டும். ‘ஈஸ்ட் இண்டியன்ஸ்’ சிக்கலுக்கும் இதுவே வழி. ‘சிங்கப்பூர் இந்தியர்’ என்று உள்ளூர்க் கருத்தை உருவாக்கி, வெளித்தலைப்போடு இணைப்பு மட்டும் கொடுங்கள். திரையில் நம் பெயர் தெரியும், உலகத் தேடலில் அவர்கள் எண் வழியே நம் ஆய்வேடு அகப்படும்.

முதன்மைப் பெயரைத் தேர்வதில் சிங்கப்பூர் வழக்குக்கே முதலிடம் கொடுங்கள். இங்கே தொண்டூழியர், தமிழகத்தில் தன்னார்வலர். இங்கே தொடக்கக் கல்லூரி, அங்கே அதற்கு நேரான சொல்லே இல்லை. இங்கே அதிபர் என்றால் நாட்டின் தலைவர், இலங்கையில் பள்ளியின் தலைவரையும் அச்சொல் குறிக்கும். உணவங்காடி நிலையம், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, மத்திய சேம நிதி, பெருவிரைவு ரயில் ஆகியவை இங்கே நாளிதழிலும் அறிவிப்புப் பலகையிலும் வாழும் சொற்கள். அகராதியிலிருந்து புதிதாக ஒன்றை மொழிபெயர்த்து வைத்தால் யாரும் தேடாத சொல் கிடைக்கும். தமிழ் முரசின் பழைய இதழ்கள் தேசிய நூலக வாரியத்தின் நாளிதழ்த் தொகுப்பில் மின்வடிவில் உள்ளன, அரசின் மொழிபெயர்ப்புத் தளத்தில் சொற்கோவைகள் உள்ளன. ஒவ்வொரு சொல்லுக்கும் அங்கே சான்று தேடி, எடுத்த இடத்தைக் குறித்துவையுங்கள். தமிழக, இலங்கை, மலேசிய வழக்குகளை மாற்றுப் பெயராகச் சேருங்கள். விக்கித்தரவு என்ற திறந்த தரவுத்தளத்தின் தமிழ்ப் பெயர்களை முன்மொழிவாக எடுத்துக்கொள்ளலாம், முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு சொல்லுக்கு 20 நிமிடம் என்று வைத்தாலும் 300 சொல்லுக்கு 100 மணி நேரம். ஒரு பருவத்தில் முடிக்கக்கூடிய வேலைதான்.

இடப்பெயரில் கூடுதல் கவனம் வேண்டும். தேக்கா, லிட்டில் இந்தியா, சிராங்கூன் சாலை மூன்றையும் பேச்சில் மாற்றி மாற்றிச் சொல்கிறோம். ஆனால் சிராங்கூன் என்ற குடியிருப்பு வட்டாரம் வடகிழக்கில் தனியே இருக்கிறது. விளக்கக் குறிப்பில்லாமல் ‘சிராங்கூன்’ என்று மட்டும் வைத்தால் இரண்டும் கலந்துவிடும்.

ஆட்பெயர்களைப் பொருள் முகத்தில் திணிக்காதீர்கள். கலாசாரப் பதக்கம் 2008இல் பெற்ற பி. கிருஷ்ணன் புதுமைதாசன் என்ற பெயரில் எழுதுபவர். அவருடைய நாடகங்களைப் பற்றிய ஆய்வேடு எந்தப் பெயரில் தேடினாலும் கிடைக்க வேண்டும். க.து.மு. இக்பால் என்ற கவிஞரைக் கே.டி.எம். இக்பால் என்று ஆங்கில முதலெழுத்தோடு எழுதுவோரும் உண்டு. பெயர்களை நபர் முகத்தில் அடையாள எண்ணோடு வைத்து, வடிவங்களை மாற்றுப் பெயராகச் சேர்ப்பதே வழி. தமிழ் முரசும் அப்படித்தான். 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய நாளிதழ் ஓர் ஆய்வின் பொருளாகும்போது நூற்பெயர் முகத்துக்கு உரியது.

ஒலிபெயர்ப்பைப் பற்றி ஒரு சொல். அச்சுநூல் பட்டியலில் பயன்படும் ரோமன் ஒலிபெயர்ப்பில் ‘சிங்கப்பூர்’ என்ற சொல் ‘எஸ்’ எழுத்தில் தொடங்காது, ‘சி’ எழுத்தில் தொடங்கும். தமிழின் ழகரம் கீழ்க்கோடிட்ட ‘எல்’. ஆய்வுநூல்களுக்கு அது துல்லியமானது, வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மக்கள் கைப்பேசியில் தட்டும் வடிவம் வேறு. தமிழ் எழுத்து வடிவம் முதன்மையாகவும் அந்த ஒலிபெயர்ப்பு மாற்றுப் பெயராகவும் இருக்க வேண்டும். இப்போது பல இடங்களில் தலைகீழாக இருக்கிறது.

அடுத்து, எழுத்துகளுக்குக் கணினிக் குறியீட்டு எண் தரும் யூனிகோட் தரம். பலரும் கவனிக்காமல் விடுவது இதுதான், தேடல் தோற்பதில் இதற்குப் பெரிய பங்குண்டு. ‘கோயில்’ என்ற சொல்லின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஏகாரக் குறி, கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வேறுபாடே தெரியாது, ஒப்பிட்டால் இரண்டும் வேறு. பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோடின் என்எஃப்சி இயல்பாக்கம் இதைச் சரிசெய்யும். பட்டியல், பதிவேற்றும் பாதை, தேடல் கட்டம் ஆகிய மூன்று இடத்திலும் அதைச் செய்யுங்கள். ஓரிடத்தில் மட்டும் செய்தால் பயனில்லை.

என்எஃப்சி தீர்க்காதவையும் உண்டு. ‘ஸ்ரீ’ என்ற எழுத்தை ஸகரத்தில் தொடங்கியும் தட்டலாம், ‘ஶ’ என்ற எழுத்தில் தொடங்கியும் தட்டலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். 1827இல் தோன்றிய ஸ்ரீ மாரியம்மன் கோயிலைப் பற்றிய இரண்டு ஆய்வேடுகள் இந்த ஒரே காரணத்தால் இரண்டு தலைப்பின் கீழ் போகக்கூடும். ‘ஔவையார்’ என்பதில் ஔகாரத்துக்குப் பதில் ஒகரமும் ளகரமும் தட்டப்பட்டிருக்கும். படத்திலிருந்து எழுத்தறிந்த உரைகளில் ‘எ’ என்ற எழுத்து ஏழைக் குறிக்கும் தமிழ் எண்ணாகவும், ‘க’ ஒன்றைக் குறிக்கும் எண்ணாகவும் மாறியிருக்கும். பிற கோப்பிலிருந்து வெட்டி ஒட்டும்போது கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறிகளும் கூடவே வரும். இவற்றுக்கெல்லாம் ஒரு மாற்று அட்டவணை எழுதி, என்எஃப்சிக்குப் பிறகு ஓடவிட வேண்டும். இருபது வரிக்குள் அடங்கும் நிரல்.

யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்களில் தட்டிய ஆய்வேடுகள் தனிக்கதை. பார்க்கத் தமிழாக இருக்கும், படியெடுத்தால் பொருளற்ற ரோமன் எழுத்துகள் வரும். அவற்றின் தலைப்பையும் சுருக்கத்தையும் குறியீடு மாற்றி மீட்காமல், முழுவுரைத் தேடல் கைகொடுக்கும் என்று நம்பியிருக்க முடியாது. அத்தகைய பதிவுகளுக்குப் பொருள் தலைப்பு ஒன்றே வாசல். 1997இல் இங்கேதான் தமிழ் இணைய மாநாடு கூடியது. நா. கோவிந்தசாமி போன்றோர் அக்காலத்தில் இணையத்தில் தமிழ் வர உழைத்த ஊர் இது. இங்குள்ள களஞ்சியங்களில் தமிழ்ப் பதிவுகள் தேடக் கிடைக்காமல் இருப்பது எங்களை உண்மையிலேயே வருத்துகிறது.

பழைய பதிவுகளைச் சீர்செய்யும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறோம். முதலில் எல்லாப் பொருட்சொற்களையும் கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். மொழிக்குறி ‘இஎன்’, ‘இஎன்-யூஎஸ்’, வெற்றிடம் என்று மூன்று நெடுவரிசைகளாகப் பிரிந்து வரும், தமிழ்ச் சொற்கள் ஆங்கிலக் குறியோடு கிடக்கும். முதலில் அவற்றை ஒழுங்குபடுத்தித் தமிழுக்கு ‘டிஏ’ என்ற குறியைப் போடுங்கள். கோப்பை எக்செலில் இரட்டைச் சொடுக்கில் திறந்து சேமிக்காதீர்கள். குறியீட்டைத் தவறாக ஊகித்துத் தமிழைச் சிதைத்துவிடும், சேமித்த பின் மீளாது. தரவைச் சீர்செய்யும் ஓபன்ரிஃபைன் மென்பொருளில் திறந்து, யூனிகோட் எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8 என்று குறிப்பிடுங்கள். அதிலுள்ள ஒலிப்புவழித் தொகுப்பு முறைகள் ஆங்கிலம், ஜெர்மன் போன்ற மொழிகளுக்காக எழுதப்பட்டவை, தமிழுக்கு உதவாது. எத்தனை எழுத்து வேறுபடுகிறது என்று எண்ணும் எழுத்துத் தொலைவு முறை உதவும், ஆனால் ‘பள்ளி’யையும் ‘பல்லி’யையும் அருகருகே காட்டும். எனவே ஒவ்வொரு தொகுப்பையும் தமிழறிந்தவர் பார்த்துத்தான் ஒன்றாக்க வேண்டும். பிறகு அடையாள எண்களோடு பொருத்துங்கள். டிஸ்பேஸில் மனிதர் உறுதிசெய்த பொருத்தத்துக்கு 600, உறுதிசெய்யாததற்கு 500 என்று உறுதிநிலை எண் உண்டு. மொத்தமாகப் பொருத்தியவற்றுக்கு 500 கொடுங்கள். எவற்றை இன்னும் யாரும் பார்க்கவில்லை என்பது பிறகு ஒரே தேடலில் தெரிந்துவிடும்.

தேடல் பொறியில், விகுதிகளை வெட்டி அடிச்சொல்லைத் தேடும் ஆங்கில வேர்ச்சொல் வெட்டியைப் பொருட்புலத்தில் ஓடவிடாதீர்கள். ஸ்னோபால் என்ற நிரல்தொகுப்பில் தமிழுக்கும் அத்தகைய வெட்டி ஒன்று உண்டு. அதைச் சுருக்கம், தலைப்பு ஆகியவற்றில் சோதித்துப் பாருங்கள். பொருட்புலத்தில் மாற்றுப் பெயர்களே அந்த வேலையைச் செய்துவிடும், அதற்கு அவை தேடல் அட்டவணைக்குள் சேர்க்கப்பட வேண்டும். பலரும் பட்டியலை அழகாகக் கட்டிவிட்டு இந்த ஒரு படியை விட்டுவிடுகிறார்கள். அப்போது படிவத்தில் மட்டும் மாற்றுப் பெயர் வேலை செய்யும், வாசகரின் தேடல் கட்டத்தில் செய்யாது. வெளியே அறுவடை செய்யும் தளங்களுக்கு எளிய டப்ளின் கோர் வடிவில் போகும்போது அடையாள எண்ணும் பெரும்பாலும் மொழிக்குறியும் உதிர்ந்துவிடும். ஆகவே அந்த வடிவில் தமிழ், ஆங்கிலப் பெயர்கள் இரண்டையும் தனித்தனி வரியாக வெளியிடுங்கள்.

படிவத்தில் பொருளுக்கு 1 முதல் 3 சொல், இடத்துக்குக் குறைந்தது 1, தேவையானால் காலம். மிகக் குறுகிய பொருத்தமான சொல்லையே கேளுங்கள்; அதன் மேல்நிலைச் சொல்லைச் சேர்த்துப் போட வேண்டாம். ‘மற்றவை’ என்ற வரியை வைக்காதீர்கள், அவசரத்தில் எல்லாம் அதற்குள் போய்விடும். கீழிறங்கு பட்டியல் நீளமாக இருந்தால் மேலே உள்ள வரிகளே அதிகம் தேர்வாகும். தட்டினால் வரும் பரிந்துரை நல்லது, தமிழில் இரண்டெழுத்து தட்டியதுமே வர வேண்டும். செயற்கை நுண்ணறிவுப் பரிந்துரைகளைச் சேர்ப்பதானால் பட்டியலில் உள்ள எண்களுக்குள் மட்டுமே தேர்வு செய்யும்படி கட்டுப்படுத்துங்கள். சொல்லை அதுவே எழுதவிட்டால், இருப்பதுபோலத் தோன்றும் இல்லாத தலைப்புகள் வரும்.

முடிவெடுக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். 200 பதிவுகள்: தமிழில் எழுதியவை 60, தமிழரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியவை 60, மற்றத் துறை 80. இருவர் தனித்தனியே, பேசிக்கொள்ளாமல், தலைப்பிட வேண்டும். பதிவுக்கு 8 நிமிடம் என்றால் ஒருவருக்கு 27 மணி நேரம் ஆகும். மூன்றைக் கணக்கெடுங்கள்: ஏற்ற சொல் கிடைக்காத பதிவுகள், இருவரும் வேறுபட்டவை, 15 நிமிடத்தைத் தாண்டியவை. சொல் கிடைக்காதவை பத்தில் ஒன்றுக்கு மேல் போனால் உள்ளூர்ப் பட்டியலில் இடைவெளி இருக்கிறது. வேறுபாடு அதிகமானால் விளக்கக் குறிப்புகள் போதவில்லை, பட்டியலைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

பராமரிப்புக்கு மூவர் போதும்: மெட்டாடேட்டா நூலகர் ஒருவர், தமிழ் வல்லுநர் ஒருவர், தேசிய நூலக வாரியத்தோடு தொடர்பில் இருப்பவர் ஒருவர். ஆண்டுக்கு இருமுறை கூடி, குறிச்சொற் புலத்தில் திரும்பத் திரும்ப வருபவற்றைப் பார்த்துப் புதுச்சொல் சேர்க்கலாம். எண்ணை ஒருபோதும் அழிக்க வேண்டாம். விலக்கிய சொல்லுக்கு ‘இதற்குப் பதில் இது’ என்று சுட்டி வைத்தால் பழைய பதிவுகள் அனாதையாகா. எல்சிஎஸ்எச்சில் ‘குக்கரி’ என்ற தலைப்பை 2010இல் ‘குக்கிங்’ என்று மாற்றியபோது சரமாகப் படியெடுத்து வைத்திருந்த அமைப்புகளில் சிங்கப்பூர்ச் சமையல் நூல்கள் இரண்டு இடத்தில் பிரிந்து நின்றன. எண் வைத்திருந்தவர்களுக்கு அந்த வேலை வரவில்லை.

ஒரு மொழிச் சிறுபான்மைக்காக இவ்வளவா என்று நிர்வாகத்தில் யாராவது கேட்டால் ஃபின்லாந்தைக் காட்டுங்கள். அங்கே ஸ்வீடிஷ் பேசுவோர் ஏறக்குறைய நூற்றுக்கு ஐவர். அந்நாட்டின் தேசிய நூலகம் நடத்தும் ஒய்எஸ்ஓ பொதுச்சொற்றொகுதியில் ஒவ்வொரு கருத்துக்கும் ஃபின்னிஷ், ஸ்வீடிஷ், ஆங்கிலப் பெயர்கள் ஒரே எண்ணின் கீழ் இருக்கின்றன. பட்டியலை வெளியிடும் ஸ்காஸ்மாஸ் என்ற அவர்களுடைய மென்பொருளும் திறந்த மூலமாகக் கிடைக்கிறது. நான்கு அதிகாரத்துவ மொழி கொண்ட சிங்கப்பூரில் அதே அமைப்பை நான்கு பெயரோடு நடத்துவதற்குத் தொழில்நுட்பத் தடை எதுவுமில்லை. தமிழுக்காகக் கட்டும் அமைப்பு மலாய், சீன ஆய்வேடுகளுக்கும் அப்படியே பயன்படும்.

பல்கலைக்கழகங்கள் தனித்தனியே நான்கு பட்டியல் கட்டாமல் ஒரே உள்ளூர்ப் பட்டியலைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறோம். ஒரு நிறுவனம் அதைத் தன் முகவரியில் வைத்து நடத்தட்டும், மற்றவை எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளட்டும். முதற்கட்டமாக, உங்கள் களஞ்சியத்தின் தமிழ்ப் பொருட்சொற்களின் ஏற்றுமதிக் கோப்பை, ஆசிரியர் பெயர்களை நீக்கிவிட்டு, திறந்த உரிமத்தில் வெளியிடுங்கள். தொகுத்து, ஒற்றும் எழுத்தும் சரிபார்த்து, முதல் 300 கருத்துகளுக்குத் தமிழ்ப் பெயரும் விளக்கக் குறிப்பும் எழுதித் தர நாங்கள் அணியமாக இருக்கிறோம். கோப்பு யூடிஎஃப்-8இல் இருக்கட்டும். பதிவு எண், சொல், மொழிக்குறி என்று மூன்று நெடுவரிசை போதும்.

இப்படிக்கு,
சிங்கப்பூரில் தமிழ் நூல்களுக்கும் ஆய்வேடுகளுக்கும் பொருள் தலைப்பிடும் நூலகர்களும் தமிழாசிரியர்களும்